மூன்று விதமான ‘முடியல’

ஓய்வெடுக்க முடியவில்லை என்பதை ஆங்கிலத்தில் ‘கான்ட் ரெஸ்ட்’ என்று சொல்லிவிடலாம். ஏன் முடியவில்லை என்று கேட்டால்தான் தெரியும். ஸ்லோவாக் மொழியில் சொல்லும்போதே காரணமும் வெளியே வந்துவிடும். சூழ்நிலை விடவில்லை என்றால் ‘ஞெமுவோஜெம்’. படுத்தும் மனசு அடங்கவில்லை, ஓய்வெடுக்கவே தெரியவில்லை என்றால் ‘ஞெவியெம்’. உடம்பில் தெம்பு இல்லையென்றால் ‘ஞெவ்லாட்ஸெம்’.

இந்த மூன்றையும் ஒரே ஆள் சொல்லும் நிலை ஆஸ்திரியாவில் இருக்கிறது. அங்கே முதியவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் போகிறார்கள். பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். பிராட்டிஸ்லாவாவிலிருந்து வியன்னா கூப்பிடு தூரம்தான், சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் கிழக்குக் கோடியில் கோஷித்ஸே பக்கத்து ஊர்க்காரர் என்றால், வேனில் உட்கார்ந்தே ஒரு இரவு போய்விடும். இறங்கியதும் வேலை தொடங்கும்.

அந்த வேலையை அருகில் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைக் கண்காணிப்புக் கருவி, அதன் ஜோடி பார்த்துக்கொள்ளும் பெண்ணின் தலைமாட்டில். ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் கேட்கும். கழிப்பறைக்குக் கூட்டிப்போய், ஈரத் துணியை மாற்றி, போர்வையைச் சரிசெய்து படுக்கும்போது மூன்றாகிவிடும். நான்கரைக்கு மறுபடி கூப்பிடுவார். பகலில் பாட்டி கண்ணசரும் நேரத்தில்தான் சமையலும் துவைப்பும். அந்த இரண்டு வாரமும் அவர் சொல்வது ‘ஞெமுவோஜெம்’.

வேன் ஊருக்குத் திரும்பியதும் சொல் மாறுகிறது. சொந்தக் கட்டில், சத்தமில்லாத வீடு. ஆனாலும் ராத்திரி இரண்டுக்கு விழிப்புத் தட்டுகிறது, காது அடுத்த அறையைத் தேடுகிறது. ‘ஞெவியெம்.’ ஓய்வெடுக்கத் தெரியாதவர் என்று வீட்டிலும் ஊரிலும் பேசுவார்கள். எனக்கு வலிப்பது இந்த இடம்தான். அந்த விழிப்பு அவர் சுபாவம் கிடையாது, வேலை பழக்கிவிட்டது. வருஷக்கணக்கில் இப்படியே ஓடினால் மூன்றாவது சொல்லும் தானாக வந்து சேரும்.

இவ்வேலையை ஒழுங்குபடுத்த ஆஸ்திரியா 2007-இல் சட்டம் கொண்டுவந்தது. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர் என்றால் நாளொன்றுக்கு மொத்தம் மூன்று மணி நேர இடைவேளை, இரண்டு வார வேலைக்குப் பின் குறைந்தது அதே அளவு விடுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் இந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் காகிதத்தில் சுயதொழில் செய்பவர்கள். அதனால் வேலை நேர விதிகள் அவர்களைத் தொடுவதில்லை. தரகு நிறுவனம் தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு சுதந்திரம் பெரும்பாலும் இருப்பதில்லை. தன் நேரத்தைத் தானே தீர்மானிக்க முடியாதவரைத் தொழில்முனைவோர் என்பது அநியாயம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லை மூடியபோது இது பட்டவர்த்தனமானது. மாற்று ஆள் வர வழியில்லாமல், அங்கே இருந்தவர்களின் இரண்டு வாரம் நீண்டுகொண்டே போனது. கைதட்டிப் பாராட்டினார்கள். ஆனால் தூங்க ஒரு ராத்திரி யார் கொடுத்தார்கள்?

இரண்டு சுயதொழில் பணியாளர்களை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு அரசு தரும் மாத உதவித்தொகை 2023-இல் 800 யூரோ வரை உயர்ந்தது. பணத்தை உயர்த்தியவர்கள் ஓய்வையும் அதோடு கட்டியிருக்கலாம். இப்போதும் காலம் போய்விடவில்லை. சட்டத்தில் உள்ள அந்த மூன்று மணி நேர இடைவேளையைச் சுயதொழில் ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும். அந்த நேரத்தில் பாட்டியின் பக்கத்தில் மகனா, மருமகளா, ஊராட்சி அனுப்பும் ஆளா, யார் உட்காருவார் என்பதையும் பெயரோடு எழுத வேண்டும்.