மூன்றாவது மடை

இந்த வாரமும் பில் கவுன்ட்டர்தான். மருந்துக் கடையில் ஒரு அட்டை காய்ச்சல் மாத்திரை கேட்டேன். "நம்பர் சொல்லுங்க சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். வேண்டாமே என்றேன். "நம்பர் போடாம பில் வராது சார்." எனக்குப் பின்னால் நாலு பேர், அதில் ஒருவர் கைக்குழந்தையோடு. அவர்களை நிற்கவைக்க மனமில்லாமல் வெளியே வந்து எதிர்ச்சாரியில் இருக்கும் பழைய கடையில் வாங்கினேன். அங்கே பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காய்ச்சல் யாருக்கு?"

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கவுன்ட்டர் கோபம் புதிதில்லை. ஜவுளிக்கடை, செருப்புக்கடை, போன தீபாவளிக்கு இனிப்புக்கடை என்று எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். இன்னும் எழுதுவேன். கைபேசி எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணைத் தட்டாமல் அடுத்த கட்டத்துக்கு நகராத கணினியை அவர் முன்னால் வைத்தவர்கள் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்று மாலையே தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய செய்தி ஒன்று கண்ணில் பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாதம். அதுவரை நாம் என்ன செய்வது? நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்ததும் இதைத்தான்: "பெரிய கம்பெனிகளை விட்டு வெளியே வரணும்னு ஆசை. எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை."

அம்மா, முதல் காரியமாக எதையும் அழித்துவிடாதீர்கள். வங்கி, ரயில் டிக்கெட், காஸ் புக்கிங், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பழைய மின்னஞ்சலில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்றைத் தொடங்கி, பழையதையும் ஒரு வருஷம் கூடவே வைத்திருங்கள். மின்னஞ்சலுக்கு என் தேர்வு புரோட்டான். ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வுக்கூடத்தில் சந்தித்த விஞ்ஞானிகள் 2014இல் தொடங்கியது. ஆனால் அது கடைசிப் படி. முதல் படி சுலபம். உலாவியை ஃபயர்ஃபாக்ஸ் ஆக்கி, அதில் தேடலை டக்டக்கோவுக்கு மாற்றுங்கள். பத்து நிமிட வேலை. தமிழில் தேடினால் சில சமயம் சரியாகக் கிடைக்காது. அப்போது மட்டும் பழைய இடத்துக்குப் போய் வாருங்கள், தவறில்லை.

அடுத்தது சிக்னல். வாட்ஸ்அப்பிலும் பூட்டு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2016 முதல் அதன் உரையாடல்களைப் பூட்டுவது சிக்னல்காரர்கள் உருவாக்கிய அதே முறைதான். வித்தியாசம் உறைமேல் எழுதியிருப்பதில். யார், யாருக்கு, எந்த நேரத்தில், எத்தனை தடவை என்பதெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே நம்மைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். 2016இல் அமெரிக்காவில் ஒரு வழக்குக்காகச் சிக்னலிடம் விவரம் கேட்டார்கள். கணக்கு தொடங்கிய நாளும் கடைசியாக இணைப்பில் வந்த நாளும் தவிரக் கொடுப்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. சேர்த்து வைக்காததை யாரும் கேட்டு வாங்க முடியாது. வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் அதை விட்டு வெளியேறி, 2018இல் 5 கோடி டாலரைக் கொடுத்துச் சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குடும்பக் குரூப்பை மொத்தமாக இழுத்துக்கொண்டு வர முடியாது. ஒரே ஒருவரோடு தொடங்குங்கள். நான் அக்காவிடம் சொன்னேன். "ஒளிச்சு வைக்க நம்மகிட்ட என்னடா இருக்கு?" என்றாள். எனக்கு அம்மாவின் இன்லண்ட் லெட்டர்கள் ஞாபகம் வந்தன. மடிப்பில் இருக்கும் கோந்தை அம்மா நம்பியதில்லை. எழுதி முடித்ததும் சோற்றுப் பானையிலிருந்து நாலு பருக்கை எடுத்து, கட்டை விரலால் ஓரம் முழுக்க நசுக்கித் தேய்த்து ஒட்டுவாள். காய்ந்த பிறகு நகத்தால் தட்டிப் பார்ப்பாள். உள்ளே இருந்தது மழை, கன்று போட்ட மாடு, அத்தைக்கு மூட்டுவலி. இதைச் சொன்னேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி சிக்னலில் அவளுடைய முதல் செய்தி வந்தது: "சாப்டியா?"

மின்னஞ்சலை மாற்றுவது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த வாரம் முழுக்க என் மனசு வேறொன்றில் இருக்கிறது.

கைபேசியோடு வந்த வரைபடத்தில், நான் போன இடங்களையெல்லாம் நாள்வாரியாகக் காட்டும் பக்கம் ஒன்று இருந்தது. அந்த வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அப்பா மதுரை மருத்துவமனையில் இருந்த 11 நாளும் அதில் இருந்தன. வார்டிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து வார்டு. கடைசி நாள் விடியற்காலை 4.10க்குக் கிளம்பி ஊர் வந்து சேர்ந்த வழி நீலக் கோடாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கார் படம். 1 மணி 35 நிமிடம். ஆம்புலன்ஸில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நேரம் அது. அதைப் பற்றி வீட்டில்கூட நான் பேசியதில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆர்கானிக் மேப்ஸ் போட்டேன். மாநிலத்தின் வரைபடத்தை ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே வழி காட்டும். நாம் எங்கே போனோம் என்று யாருக்கும் சொல்லாது. போக்குவரத்து நெரிசல் தெரியாது, பல கடைகள் இருக்காது. அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. எடுத்த எடுப்பில் எங்கள் ஊரைத் தேடினேன். தார்ச்சாலை ஒரு கோடு. கண்மாய் ஒரு நீலத் திட்டு, பெயரில்லாமல். அவ்வளவுதான் ஊர்.

ஆர்கானிக் மேப்ஸுக்குப் பின்னால் இருப்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். பிரிட்டன் அரசு நிறுவனத்தின் வரைபடங்கள் காசும் கட்டுப்பாடுமாக இருந்ததால், 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், மக்களே வரைந்து மக்களே வைத்துக்கொள்ளட்டும் என்று தொடங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஜனங்கள் குறித்த வரைபடத்துக்கு அடித்தளமாக இருந்ததும் இதுதான். யாரும் கணக்குத் தொடங்கலாம், திருத்தலாம். நாம் செய்த திருத்தம் நம் கணக்குப் பெயரோடும் தேதியோடும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொந்தப் பெயர் வேண்டாம், புனைபெயர் போதும். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று எழுதக் கூடாது.

இன்னொரு விதி உண்டு. அதுதான் என்னை ஊருக்கு இழுத்துப் போனது. மற்ற வரைபடங்களைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. நேரில் போய்ப் பார்த்ததை, ஊர்க்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுத வேண்டும். பழைய வரைபடத்தில் எங்கள் ஊருணிக்கரைத் தெரு "உருனிகரை தெரு" என்று இருந்தது. ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்ததில் ணகரமும் ஒற்றும் உதிர்ந்துவிட்டன. பல வருஷம் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவின் முக்கில் நின்று, கைபேசியில் தமிழிலேயே எழுத்துக் கூட்டி எழுதினேன். பிறகு பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், ஊருணி, அதன் படித்துறை.

கண்மாய்க்கு வந்தபோதுதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரிந்தது. அங்கே பிறந்தவன், அந்தக் கரையில் மாடு மேய்த்தவன். மூன்று மடை என்று தெரியும். மூன்றுக்கும் பெயர் உண்டு என்று தெரியாது. நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, கரைமேல் நடந்து போகிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். "கலுங்குலேர்ந்து வா தம்பி. மொதல்ல பெரிய மடை. அதுல நாப்பது ஏக்கர் பாயும். அடுத்து நடுமடை. அதுக்கு அங்கிட்டு புளியடி மடை."

"புளியடியா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல். "எங்கப்பாரு காலத்துல அய்யனார் மடைன்னுதான் சொல்லுவாக."

"அது ஒங்க கரைக்காரவுக சொல்றது."

"தண்ணி எங்க கரைக்குத்தானே வருது?"

நான் இரண்டு பெயரையும் குறித்துக்கொண்டேன். மாற்றுப் பெயருக்கும் அந்த வரைபடத்தில் தனி இடம் உண்டு. எதை முதலில் எழுதுவது என்பதுதான் கேள்வி. கரைமேல் போய்ப் பார்த்தேன். அய்யனார் இருக்கிறார், மடையிலிருந்து கொஞ்சம் தள்ளி. புளியமரம் ரோடு போட்டபோது வெட்டப்பட்டுவிட்டது. அடிக்கட்டை மட்டும் மண்ணில் தெரிகிறது.

முதல் இரண்டு மடைகளும் செவ்வாய்க்கிழமை வரைபடத்தில் ஏறிவிட்டன. மூன்றாவது இன்னும் பெயரில்லாத புள்ளிதான். பொங்கலுக்குப் போகும்போது எதிர்க்கரை ஆட்களையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். அக்காவும் வருகிறாளாம். அந்த மடையில்தான் அவள் நீச்சல் பழகினாள். அதை அவள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று நான் இதுவரை கேட்கவே இல்லை.