தீர விசாரிப்பதே மெய்

மம்சாபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் தெரிகிறது. அதன் பாறைகள் இடைவிடாது வெளியிடும் காமா கதிர்களோ நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அஞ்ச வேண்டாம்! பாறையிலும் மண்ணிலும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் சிறிதளவு கலந்திருப்பது இயற்கையே. நாம் உண்ணும் வாழைப்பழத்திலும் கதிரியக்கப் பொட்டாசியம் சிறிது உண்டு. எங்கே, எவ்வளவு என்பதே கேள்வி.

இதற்கு விடை காணவே விமானங்கள் பறக்கின்றன. சோடியம் அயோடைடு படிகங்களைச் சுமந்துகொண்டு, தரைக்கு மேல் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில், வயலை உழுவதுபோல் வரிவரியாகச் செல்கின்றன. கதிர் பட்டதும் படிகத்தில் ஒளிப்பொறி எழும். அப்பொறியின் வலிமையைக் கொண்டு, கதிரை அனுப்பியது தோரியமா, பொட்டாசியமா என்று கருவி பிரித்தறியும். மிக உயரே பறந்தால் இடையிலுள்ள காற்றே கதிர்களை விழுங்கிவிடும். 1978-இல் சோவியத் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 954 கனடாவின் பனிவெளியில் விழுந்தபோது, அதன் கதிரியக்கச் சிதறல்களை இவ்வாறே தேடிக் கண்டனர். நம் நாட்டிலும் அணுக் கனிமங்களைத் தேட இம்முறை பயன்படுகிறது. விபத்துக் காலத்துக்கென பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய கருவியை உருவாக்கியுள்ளது.

ஆயினும் வானத்துக் கண் ஒன்றே போதாது. 2010-இல் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளுக்கு கோபால்ட்-60 வந்து சேர்ந்தது, ஒருவர் உயிரிழந்தார். அதை வெளிப்படுத்தியது விமானமன்று, மருத்துவமனைக்கு வந்தவர்களின் உடற்புண்களே. தொட்டது இன்னதென அறியாத தொழிலாளர்கள் அவர்கள்!

நம் தென்கோடியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பது 1909 முதல் அறிந்ததே. அத்தகைய மணலுள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நெடுநாள் நடந்த ஆய்வொன்று 2009-இல் வெளியாயிற்று. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாக அது காட்டவில்லை. இதுபோன்ற செய்திகள் கடற்கரைக் குடிசைகளின் வாசலுக்கும் செல்ல வேண்டாமா? செய்தி செல்லாத இடத்தில் வதந்தியே குடியேறும்.

ஆகவே, அளப்பது பாதி வேலை. அளந்ததை மக்களுக்குச் சொல்வதே மறுபாதி என்பது நம் கருத்து. கனிம விவரம் இரகசியம் என்பர் சிலர். கனிமம் எங்கே எவ்வளவு என்பதை அரசு காத்துக்கொள்ளட்டும். ஆனால், தாம் வாழும் இடத்தின் கதிர்வீச்சு அளவை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. எவ்வூரின்மேல் விமானம் பறந்ததோ, அவ்வூர்ப் பஞ்சாயத்திலும் பள்ளியிலும் அந்த அளவை எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் நம் முன்னோர். வகுப்பில் காமா கதிரைப் படிக்கும் மாணவியராகிய நாம், வீண் அச்சத்தையும் வீண் துணிவையும் விடுத்து, "அளவு என்ன?" என்று கேட்கவும் கற்போமாக!