கணினி முற்றம்: படங்களை எந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது?



கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட பிறகு, ஆசைக்குப் படம் எடுக்கும் பெண்கள் எங்கள் குடாநாட்டில் பெருகிவிட்டார்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்கள், உறவுக்காரரின் சாமத்திய வீடு, சுண்டிக்குளத்தில் வந்திறங்கும் பறவைகள் என்று ஒரு வருடத்திலேயே ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. "இவற்றைத் திருத்தவும் ஒழுங்குபடுத்தி வைக்கவும் எந்த மென்பொருள் நல்லது?" என்று சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். இம்மாதம் அதைப் பார்ப்போம்.

எது படத்தை அழகாக்கும் என்றுதான் பலரும் முதலில் பார்க்கிறோம். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாளைக்கு இந்த மென்பொருள் இல்லாமற் போனால், நான் செய்த வேலையில் என் கையில் என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்வியின் பாரம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். அரிசியும் உடுப்பும் பிள்ளைகளும் வந்தன. எத்தனையோ வீடுகளில் ஆல்பங்கள் அலுமாரியிலேயே கிடந்துவிட்டன. எங்கள் வீட்டில் அதற்கு முந்திய படங்கள் நான்குதான் இருக்கின்றன. அவையும் அம்மா முன்னரே கொழும்பிலிருந்த சின்னம்மாவுக்குத் தபாலில் அனுப்பியவை. ஒரே இடத்தில் இருந்தவை போயின, வேறிடத்தில் பிரதி இருந்தவை தப்பின. கணினிக்கும் இதே பாடந்தான்.

மென்பொருள்களும் ஒருநாள் இடம்பெயரச் செய்யும். சில உதாரணங்களைப் பாருங்கள்.

பிக்காசா என்ற மென்பொருளை 2004 இல் கூகுள் வாங்கி இலவசமாகத் தந்தது. எங்கள் ஊர்க் கணினிகளிலும் அது பரவலாக இருந்தது. 2016 இல் கூகுள் அதைக் கைவிட்டது. படங்கள் அழியவில்லை. ஆனால் பிக்காசாவுக்குள் பலர் மினக்கெட்டுச் சேர்த்த ஆல்பங்கள் அந்த மென்பொருளின் சொந்தக் குறிப்புக் கோப்புகளிலேயே இருந்தன. வேறு மென்பொருளுக்கு மாறியவர்களுக்கு அந்த உழைப்பு கூட வரவில்லை.

அதற்கு முன்னரே கூகுள் போட்டோஸ் வந்திருந்தது. சற்றுச் சுருக்கிய படங்களை அளவின்றி இலவசமாக வைத்திருக்கலாம் என்றார்கள். 2021 யூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. இப்போது மின்னஞ்சலுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட் இடந்தான் இலவசம். மேலதிகம் வேண்டுமானால் காசு கட்டவேண்டும்.

தொழில்முறைப் படப்பிடிப்பாளர் பலர் பாவிக்கும் லைட்ரூம் மிகச் சிறந்த மென்பொருள், அதில் ஐயமில்லை. ஆனால் ஒருமுறை வாங்கி வைத்திருக்கும் முறையை அடோபி நிறுவனம் 2017 இல் முடித்துக்கொண்டது. இனிச் சந்தா கட்டினால்தான் பாவனை. சந்தா நின்றால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். சந்தாவோ டொலர்க் கணக்கு. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. படத்தொழிலில் வருமானம் வருபவருக்கு இது கட்டும். பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கும் எங்களுக்கு யோசிக்கவேண்டிய செலவு. கடையில் சும்மா போட்டுத் தரும் திருட்டுப் பிரதியை நாடவேண்டாம். அதோடு வைரசும் வீட்டுக்கு வரும்.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? நான் சொல்லக்கூடியவை மூன்று. மூன்றும் இலவசம், திறந்த மூல மென்பொருள்கள். எவரும் சந்தா கேட்கமாட்டார்கள்.

படங்களை ஒழுங்குபடுத்த டிஜிகாம். திகதி, ஆள், இடம் என்று படங்களைத் தேடலாம். முகங்களை அடையாளம் காணும் வசதியும் உண்டு. அந்த வேலை உங்கள் கணினியிலேயே நடக்கும். சிறு திருத்தங்களையும் இதிலேயே செய்யலாம். பழைய கணினியில் சற்று மெதுவாக ஓடும், பொறுமை வேண்டும்.

படத்தைத் திருத்த கிம்ப். வெட்டுதல், நிறம் சரிசெய்தல், பூஞ்சணம் பிடித்த பழைய படத்தில் வெள்ளைப் புள்ளிகளை நீக்குதல் எல்லாம் இதில் முடியும்.

கமராவில் 'ரோ' வகைப் படங்களை எடுப்பவர்களுக்கு டார்க்டேபிள். கைத்தொலைபேசிப் படங்கள் மட்டும் என்றால் இது தேவையில்லை.

இனி மிக முக்கியமான விடயம். டிஜிகாமின் அமைப்புப் பகுதியில், நீங்கள் எழுதும் விபரங்களைப் படக் கோப்புக்குள்ளேயே பதியச் சொல்லித் தெரிவு செய்யலாம். முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். அந்தக் காலத்தில் படத்தின் பின்பக்கத்தில் பேனையால் பெயர் எழுதி வைத்தார்களே, அதுபோலத்தான் இது. நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பெயரும் ஊரும் படத்தோடு கூடவே போகும்.

விபரங்களை யூனிகோட் தமிழில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது விளங்காத ஆங்கில எழுத்துக் கூட்டமாகத்தான் தெரியும். உங்கள் பேத்தியின் கணினியில் பாமினி இருக்குமா?

பழைய படங்களைக் கைத்தொலைபேசியால் படமெடுப்பதைவிட ஸ்கான் செய்வது நல்லது. சிறிய படமென்றால் 600 டிபிஐ அளவில் ஸ்கான் செய்யுங்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, திருத்தங்களைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். வெளிநாட்டிலுள்ள சகோதரங்களிடம் படம் கேட்கும்போது, வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அன்றி, ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். உள்ளே பதிந்த விபரங்களும் உதிர்ந்துவிடும்.

கோப்புறைகளுக்கு வருடத்தை முன்னுக்கு வைத்துப் பெயரிடுங்கள். '2024-08 நல்லூர்' என்று வைத்தால் எந்தக் கணினியிலும் தானாக வரிசைக்கு வரும். பிறகு பிரதிகள். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, மூன்றாவது வேறொரு வீட்டில். அக்கா கொழும்பிலோ கனடாவிலோ இருந்தால் அவரிடம் ஒரு வன்தட்டைக் கொடுத்து வையுங்கள். பென்ட்ரைவை நம்பி நீண்டகாலம் வைக்கவேண்டாம்.

மென்பொருளால் செய்ய முடியாத வேலை ஒன்றும் இருக்கிறது. முகம் ஒன்றுபோல இருக்கும் படங்களை டிஜிகாம் ஒன்றுசேர்க்கும். ஆனால் அந்த முகம் யாருடையது என்பதை வீட்டிலுள்ள பெரியம்மாவோ அம்மம்மாவோதான் சொல்லவேண்டும். எங்களிடம் மிஞ்சிய நான்கு படங்களில் ஒன்றில் ஏழு பேர் நிற்கிறார்கள். ஐந்து பேரின் பெயரைச் சின்னம்மா சொன்னார். மற்ற இருவரையும் தெரிந்தவர்கள் இப்போது எவரும் இல்லை.

ஆகவே மென்பொருளைப் போட்டு முடித்ததும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டு முதியவர் பக்கத்தில் போய் இருங்கள். ஒரு பின்னேரத்துக்குப் பத்துப் படம் போதும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எழுதியது படத்துக்குள் பதிந்ததா என்று ஒரு படத்தை வேறு கணினியில் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம், பழைய ஒலிநாடாக்களிலுள்ள குரல்களைக் கணினிக்கு மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.