அறுபதடிச் சாலையும் ஆறடி நடைபாதையும்

கார்த்திகை பிறந்ததும் தில்லியில் வாழும் நம்மவர் வீடுகளில் சன்னல்கள் சாத்தப்படுகின்றன. பஞ்சாபிலும் அரியானாவிலும் நெற்றாளைக் கொளுத்துவோரைக் குறை கூறுவதில் மாலைப் பொழுது கழிகிறது. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், ஆண்டு முழுதும் நம் வாசலிலேயே புகை கக்கும் ஊர்திகளைப் பற்றியோ, அவற்றிற்கு அஞ்சி ஓரம் ஒதுங்கும் சைக்கிள்காரரைப் பற்றியோ பேச்சு எழுவது அரிது. நடப்பதற்கு இடமில்லாத தெருவில், அரை மைல் தொலைவிலுள்ள பள்ளிக்கும் பிள்ளையைக் காரில்தான் ஏற்றுகிறோம். புகையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

நீதிமன்றத்தால் ஆகக்கூடியதைத் தலைநகர் முன்னரே கண்டிருக்கிறது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-இல் தொடுத்த வழக்கில், 1998-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் டீசலை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறின. எரிபொருளை ஆணையால் மாற்றிவிடலாம். தெருவின் அகலத்தைப் பங்கிடுவது அத்துணை எளிதன்று.

அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு, பேருந்துக்கு நடுவில் தனித்தடமும் சைக்கிளுக்கு ஓரத்தில் தனிப்பாதையும் 2008-இல் அமைக்கப்பட்டன. குறைகள் இருந்தன: சைக்கிள் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன, நடுச்சாலையிலிருந்த நிறுத்தத்தை அடையப் பயணிகள் வண்டிகளைக் கடக்க வேண்டியிருந்தது. கார் வைத்திருப்போர் சினந்தனர். திட்டத்தை எதிர்த்து வந்த வழக்கை 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்ஙனம் வென்ற பாதைதான் 2016-இல் இடிக்கப்பட்டது! எதிர்த்தவர்க்குக் குரல் இருந்தது. விடியற்காலையில் அவ்வழியே வேலைக்குச் சென்ற தச்சருக்கும் காவலாளிக்கும் அதற்கு நேரமில்லை. அவர்கள் பொருட்டுப் பேசியவர் பெரும்பாலும் வல்லுநர். அண்டை வீட்டார் அல்லர் என்பதே நம் எண்ணம்.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக் கோரி 2012-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். முறிந்த எலும்பைப் பொருத்தும் கை, மனுவும் எழுதத் துணிந்தது நமக்குப் பெருமை. அவ்வழக்கில்தான் 2025 மே மாதம், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது.

உரிமை ஏட்டில் வந்துவிட்டது. நம் தெருவுக்கு அதை அழைத்து வருவது யார்? "வாடகைக்கு வந்த நமக்கேன்?" என்பார் சிலர். முப்பது ஆண்டுகளாக இங்கே வாக்களிப்பவரும் அதையே சொல்வதுதான் வியப்பு.

அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, நடைபாதையில் தடையின்றி நடப்பதற்கு 1.8 மீட்டர், ஏறத்தாழ ஆறடி, அகலம் வேண்டும். பாதை விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரை மிஞ்சலாகாது. அறுபதடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் பொதுவாகப் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. குறுகியவை மாநகராட்சியின் பொறுப்பு. புது தில்லி நகராட்சி மன்றத்திற்கும் கண்டோன்மெண்டிற்கும் எல்லை வேறு. இடம் மாறிச் சென்ற மனு மேசைக்கு மேசை உலாவித் திரும்பும். "நல்ல பாதை வேண்டும்" என்று பொதுவாக எழுதுவதிலும் பயனில்லை. எந்த வாயிலிலிருந்து எந்தப் பேருந்து நிறுத்தம் வரை, எவ்விடத்தில் எத்தனை அடி, மறிப்பது மின்மாற்றியா கடையா என்று படத்தோடு எழுதவேண்டும். இந்தியில் எழுதினால் இன்னும் நன்று.

கசப்பான ஒன்றும் உண்டு. நடைபாதையில் நிற்கும் கார் பல இடங்களில் நம் காரே. வேலிகட்டி ரோசாச்செடி வைத்தவரும் நம்மவரே. குடியிருப்பு நலச் சங்கம் பக்கவாயிலைப் பூட்டினால், பால்காரரும் வேலைக்கார அம்மாளும் பெருஞ்சாலையைச் சுற்றி வரவேண்டியிருக்கிறது. அச்சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தில் இதை எழுப்ப நம் அன்பர்களுக்கு யாருடைய இசைவும் வேண்டியதில்லை. அளந்து பார்த்தவர்கள் தெருவின் பெயரையும் அளவையும் எழுதியனுப்பினால் அடுத்த திங்கள் இப்பகுதியில் வெளியிடுவோம்.