வெள்ளைப் புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

கேள்வி: மகளிர் குழுக் கடனில் கண்ணாடித் தொட்டி வைத்து 12 கோமாளி மீன்கள் வளர்த்தேன். போன மாதம் இன்னும் 2 மீன் வாங்கி விட்டேன். சில நாளில் எல்லா மீன்கள் மேலும் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. 3 மீன் செத்துவிட்டன. புள்ளி தானாக மறைந்து, இப்போது முன்னைவிட அதிகமாக வந்திருக்கிறது. தொட்டியில் மயில்துத்தம் கலக்கச் சொல்கிறார்கள். கலக்கலாமா?

- வாசகி, தலத்தெரு, காரைக்கால்.

பதில்: கலக்க வேண்டாம். மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். போர்டோ கலவையில் பூஞ்சையைக் கொல்லும் அதே தாமிரம், தொட்டியில் உள்ள கடல் சாமந்தி, இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும். பவளக்கல்லும் சிப்பி மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் மருந்தின் அளவும் நிலையாக நிற்காது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியுடையவை. இது மீன் உடம்பில் 3 முதல் 7 நாள் இருக்கும். பிறகு உதிர்ந்து, தரையிலும் கல்லிலும் ஒட்டிக் கூடு கட்டும். ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளிவந்து மறுபடி மீனைப் பிடிக்கும். ஆகவே புள்ளி மறைந்தது குணமானதால் அல்ல. களை, விதையை உதிர்த்துவிட்டது, அவ்வளவுதான்.

மிச்சமுள்ள 11 மீன்களையும், நன்றாகத் தெரிபவை உட்பட, இன்றே வெளியே எடுங்கள். 100 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு போதும். மணல், கல் எதுவும் போடாமல் காற்றுக்குழாயும், மீன் ஒளிய ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டும் வையுங்கள். முதல் நாள் ஒரு தொட்டி. 4, 7, 10, 13-ம் நாள்களில் அடுத்த தொட்டிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் புதுக் கடல்நீர். உப்பளவும் வெப்பமும் முந்தைய நீரைப் போலவே இருக்க வேண்டும். காலியான தொட்டி, வலை, குழாய் எல்லாவற்றையும் கழுவி, வெயிலில் நன்கு காய வையுங்கள். கூட்டிலிருந்து குஞ்சு வெளிவரும் முன்பே மீன் இடம் மாறிவிடுவதால் மருந்தே தேவைப்படாது. தீனியைக் குறைத்துப் போட்டு, மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அம்மோனியா ஏறிவிடும்.

மழைக்காலத்தில் அரசலாறு கலக்கும் பக்கம் கடல்நீரின் உப்பு குறையும். அளந்து பார்த்தே எடுங்கள்.

பழைய தொட்டியில் 11 வாரம் மீனே இருக்கக் கூடாது. 72 நாள் கழித்தும் கூட்டிலிருந்து குஞ்சு வந்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதுவரை மீன்கள் சுத்தமான வேறு தொட்டியில் இருக்கட்டும்.

புள்ளிக்குப் பதிலாகப் பொன்தூள் படிந்ததுபோல இருந்து, மீன் மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். அதற்கு இந்த முறை போதாது. தனித்தொட்டியில், அளவுக் கருவியோடுதான் தாமிரம் கொடுக்க வேண்டும். தாமதிக்காமல் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள்.

சந்தையில் பிடித்த மாட்டை நேரே தொழுவத்தில் கட்டமாட்டோம். இனி வாங்கும் மீனையும் 4 வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் விடுங்கள்.