அடுப்புக்கும் தேதிக்கும் என்ன உறவு?

பாலக்கோட்டில் ஒரு வீடு. வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து இறங்கியது. வீட்டுக்கார அம்மாள் உடனே அதை உள்ளே எடுக்கவில்லை. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையைக் குனிந்து பார்த்தார். "டி-28" என்று எழுதியிருந்தது.

"சரி தம்பி, உள்ளே வை" என்றார்.

கெட்டிக்கார அம்மாள்! ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்துகளும் வருஷத்தின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும். டி என்றால் கடைசிக் காலாண்டு. அந்தச் சிலிண்டரை 2028 டிசம்பர் முடிவதற்குள் மறுபடியும் சோதிக்க வேண்டும். கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால், "வேண்டாம், வேறு கொண்டு வா" என்று சொல்லிவிடலாம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? பட்டையில் 28 என்று மட்டும்தான் இருந்தது. அம்மாள் அதை 2028 என்று புரிந்து கொண்டார். 1928 என்று நினைக்கவில்லை. ஆனால், ஒரு கம்ப்யூட்டருக்கு அது புரியுமா?

நாம் சொல்லிக் கொடுத்தால்தான் புரியும்!

சித்திரபானு வருஷம்

ஊர்ப் பெரியவரிடம் வயது கேட்டால், "நான் சித்திரபானு வருஷம் பிறந்தவன்" என்பார். தமிழ் வருஷங்கள் அறுபது. அறுபது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். சித்திரபானு 1942-லும் வந்தது, 2002-லும் வந்தது. பெரியவரின் நரைத்த தலையைப் பார்த்து நாம் கணக்குப் போட்டுக் கொள்கிறோம். கம்ப்யூட்டருக்கு அந்தக் கண் இல்லை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு விலை அதிகம். ஆகவே வருஷத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும் எழுதிச் சிக்கனம் பிடித்தார்கள். 1999 என்பது 99 ஆயிற்று. 2000 பிறந்தால் 00. கம்ப்யூட்டர் அதை 1900 என்று எடுத்துக் கொண்டால் என்ன ஆவது?

உலகமே கவலைப்பட்டது. குளிர் நாடுகளில் ஜனவரி மாதம் கடுங்குளிர். அங்கே பல வீடுகளில் குழாய் வழியாக வரும் எரிவாயுதான் அறையைச் சூடாக்குகிறது. குழாயில் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வாயு ஓடுகிறது என்று கம்ப்யூட்டர்கள்தான் பார்க்கின்றன. அவை குழம்பிப் போனால் குழந்தை குட்டிகள் குளிரில் விறைக்க வேண்டியதுதான்!

2000 ஜனவரி 1 பொழுது விடிந்தது. எரிவாயு நிற்கவில்லை. அடுப்புகள் எரிந்தன. "எல்லாம் வீண் பயம்" என்று பலர் சிரித்தார்கள்.

சிரிப்பு சரியா?

சரியில்லை என்பது என் கருத்து. நம் மாவட்டத்து மாந்தோப்புக்காரரைக் கேளுங்கள். பூப் பூக்கும் காலத்தில் அவர் மருந்து அடிக்கிறார். பூச்சி வரவில்லை. "பூச்சிதான் வரவில்லையே, மருந்து எதற்கு?" என்று ஒருவர் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

அந்தத் தேதிக் கோளாறைத் திருத்த உலகம் செலவழித்தது சுமார் 30,000 கோடி டாலர் என்று ஒரு மதிப்பு உண்டு. நம் நாட்டு இளைஞர்கள் ஏராளமான பேர் அந்த வேலையில் இரவு பகலாக உழைத்தார்கள். அதனால்தான் அடுப்பு எரிந்தது.

முன்கூட்டியே பார்க்காத இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? நியூசிலாந்தில் டிவாய் பாயிண்ட் என்ற இடத்தில் ஓர் அலுமினிய ஆலை. 1996 லீப் வருஷம். டிசம்பர் 31 அந்த வருஷத்தின் 366-வது நாள். அப்படி ஒரு நாள் உண்டு என்று ஆலையின் கம்ப்யூட்டர்களுக்குத் தெரியவில்லை. நள்ளிரவில் 660 கம்ப்யூட்டர்களும் ஒரே சமயத்தில் நின்றன. சூடு மிஞ்சி ஐந்து உலைகள் பாழாயின.

அதே நாட்டில் 2024 பிப்ரவரி 29 அன்று, பல பெட்ரோல் பங்குகளில் பணம் வாங்கும் எந்திரங்கள் பல மணி நேரம் வேலை செய்யவில்லை. மறுபடியும் லீப் நாள்தான் காரணம்!

அடுத்த கெடு

இன்னொரு தேதி வருகிறது. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம்.

பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி வருகின்றன. பழைய வகைக் கம்ப்யூட்டரில் அந்த எண்ணிக்கை அன்று நிரம்பிவிடும். அடுத்த விநாடி அது 1901-ஆம் வருஷத்துக்குப் போய்விடும்!

பெரிய கம்ப்யூட்டர்களைப் பெரும்பாலும் திருத்திவிட்டார்கள். கவலையெல்லாம் சின்னக் கருவிகளைப் பற்றித்தான். மீட்டரிலும் வால்வு நிலையத்திலும் ஒரு முறை பொருத்தினால் அவை வருஷக் கணக்கில் அங்கேயே கிடக்கும்.

இது நமக்கும் சம்பந்தம் உள்ள விஷயம். கொச்சியிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் பாதையில் தருமபுரி மாவட்டமும் இருக்கிறது. எங்கள் நிலத்தின் வழியாகக் குழாய் போகக் கூடாது என்று விவசாயிகள் போராடினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2016 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. குழாய் எந்த வழியாகப் போவது என்று கேட்டோம். குழாயைக் காவல் காக்கும் கம்ப்யூட்டருக்கு 2038 தெரியுமா என்றும் கேட்க வேண்டாமா?

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தேதி தப்பினால் குழாய் வெடித்துவிடாது. அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் வால்வுகளில் ஸ்பிரிங்கே வேலை செய்கிறது. அதற்குக் காலண்டர் வேண்டாம். ஆனால் மீட்டர் கணக்கு தப்பலாம். பில் தப்பலாம். எங்கே, எப்போது வாயு கசிந்தது என்ற குறிப்பு தப்பலாம். அது சின்ன விஷயமா?

செய்ய வேண்டியது ஒன்றுதான். இனிமேல் கருவி வாங்கும் ஒப்பந்தத்தில், "2038-க்குப் பிறகும் சரியான தேதி காட்ட வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சர்க்கார் அதைக் கட்டாயமாக்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறை கேட்கிறார்களே, அங்கே நீங்களும் ஒரு மனு கொடுக்கலாம்.

பாலக்கோட்டு அம்மாள் தேதியைப் பார்த்த பிறகுதான் சிலிண்டரை வீட்டுக்குள் விட்டார். கோடிக் கணக்கில் கருவி வாங்குகிறவர்களும் அப்படிக் குனிந்து ஒரு தரம் பார்க்கட்டும்!