கிராவல் சைக்கிள் என்னும் ஜல்லி

சேலத்தில் படிக்கும் ஒரு மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட் டைம் வேலை பார்த்து, "இந்தக் காசுக்குப் பழைய பைக்கே வாங்கலாமேடா" என்ற அப்பாவைச் சமாளித்து, 60,000 ரூபாய் சேர்த்துவிட்டான். தினமும் காலேஜ், ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு, செமஸ்டர் லீவில் நாலு துணியையும் ஒரு டென்ட்டையும் கட்டிக்கொண்டு ராமேஸ்வரம். அவ்வளவுதான் ஆசை. கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி: "தம்பி, ரோடா, கிராவலா, டூரிங்கா?"

இந்தக் கேள்வியே தப்பு.

பி.காம் மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு மார்க்கெட் செக்மென்டேஷன் என்று பெயர். வாங்குபவர்களைப் பிரித்து அவரவர் தேவைக்கேற்ற பொருளைக் கொடுப்பது என்று புத்தகத்தில் அழகாக இருக்கும். சைக்கிள் வியாபாரத்தில் பிரிக்கப்படுவது வாங்குபவன் அல்ல, அவன் போகும் ரோடு. அவன் என்னவோ ஒரே ஆள்தான். தார் ரோட்டில் கிளம்பி, ஏரிக்கரையில் திரும்பி, கப்பி ரோட்டில் ஊர் போய்ச் சேருகிறவன். அவனுக்கு மூன்று சைக்கிள் விற்க வேண்டுமென்றால் ரோட்டுக்கு மூன்று பெயர் வைத்தாக வேண்டும்!

கிராவல் என்றால் சரளை. ஏதோ அமெரிக்காவில் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறார்கள். கான்ஸாஸ் மாநிலத்துச் சரளை ரோடுகளில் 2006-ல் தொடங்கிய 200 மைல் போட்டி இன்று பெரிய திருவிழா. 2022-ல் இத்தாலியில் உலக சாம்பியன்ஷிப்பே நடத்திவிட்டார்கள். நடத்தட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் தமிழ்நாட்டுப் பால்காரர்கள் சரளையில் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயர் 28 x 1½, அதாவது சுமார் 40 மி.மீ. அகலம். இன்றைய கிராவல் சைக்கிளில் பரவலாக வருவதும் அதே 40 மி.மீ.தான். பின்னால் கேரியர், இரண்டு பக்கமும் பால் கேன். இது ரோடு சைக்கிளா, கிராவலா, டூரிங்கா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. (கியர் இல்லாததால் மேட்டில் இறங்கித் தள்ளினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழசு என்பதற்காகக் கோயில் கட்ட வேண்டியதில்லை.)

கியர் என்றதும் ஒரு பிரெஞ்சுக்காரர் நினைவுக்கு வருகிறார். பால் தெ விவி, 1853-ல் பிறந்தவர். பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு சேந்த் எதியேன் ஊரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். வெலோசியோ என்ற புனைபெயர்தான் பிரபலம். மலைப் பிரதேசத்தில் ஓட்டுகிறவனுக்குப் பல கியரும் அகலமான டயரும் வேண்டும் என்று காலமெல்லாம் எழுதினார். அதே காலத்தில் டூர் தெ ஃபிரான்ஸ் போட்டியை நடத்திய ஆன்றி தெக்ராஞ்ச், கியர் மாற்றுவது வயசானவர்களுக்கு என்று கிண்டலடித்தார். அந்தப் போட்டியில் டிரெயிலர் கியர் அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான். வெலோசியோ 1930-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதில்தான் மேட்டர் இருக்கிறது. ஊர் சுற்றுகிறவனுக்கு எது வசதி என்பதைப் போட்டி நடத்துகிறவர்கள் தீர்மானித்தார்கள், மற்றவர்கள் தலையாட்டினார்கள். 2000-களின் தொடக்கத்தில் தொழில்முறை வீரர்கள் 23 மி.மீ. டயரில் ஓட்டினார்கள் என்பதற்காக ஆபீஸ் போகிறவர்களும் அதையே மாட்டிக்கொண்டு முதுகு வலி வாங்கினார்கள். இப்போது அதே வீரர்கள் 28, 30 மி.மீ.க்கு வந்துவிட்டார்கள். கரடுமுரடான ரோட்டில் கல்லாய் அடைத்த மெல்லிய டயர் குதிக்கிறது, காற்றுக் குறைவான அகல டயர் உருள்கிறது. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு வருஷம்!

கியருக்கும் ஒரு கணக்கு போட்டுவிடலாம். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் பழைய ரேஸ் சைக்கிளில் சின்ன செயின் வீலுக்கு 39 பல், பின்னால் ஃப்ரீவீலில் பெரியதுக்கு 25 பல். ஒரு சுற்று மிதித்தால் சுமார் 3.3 மீட்டர். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 12 கி.மீ. மூட்டையோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் 12 கி.மீ. வேகம் என்பது சாதாரணக் காலுக்கு நடக்கிற கதையில்லை. முன்னால் 30, பின்னால் 34 என்றால் அதே மிதிக்கு 7 கி.மீ. மூச்சும் இருக்கும், பேச்சும் இருக்கும்.

சரி, எதை வாங்குவது? அக்கவுண்டன்ஸி படித்தவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மூலதனச் செலவு எது, நடைமுறைச் செலவு எது என்று பிரிக்க வேண்டும். டயர், சீட், செயின், ஃப்ரீவீல் எல்லாம் தேயும், எப்படியும் மாற்றத்தான் போகிறோம். பிறகு மாற்றவே முடியாதது ஃப்ரேம். அதில் 40 மி.மீ. டயரும் மேலே மட்கார்டும் நுழைய இடம் இருக்கிறதா? கேரியருக்கு ஸ்க்ரூ துளை இருக்கிறதா? மிதிக்கும்போது குதிகால் பின்பக்கப் பையில் இடிக்காத அளவு பின் ஃப்ரேம் நீளமா? இந்த மூன்றும் இருந்தால் மேலே என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் என்ன? 35-லிருந்து 38 மி.மீ. வழுவழு டயர் ஒரு ஜோடி தாருக்கும் காய்ந்த செம்மண்ணுக்கும் தாராளம். மழைச் சேற்றில் உருளப் போகிறவன் மட்டும் முள் டயர் தனியாக வாங்கிக்கொள்ளலாம், கழற்றி மாட்ட அரை மணி நேரம்.

போட்டிக்குப் போகிறவன் ரேஸ் சைக்கிள்தான் வாங்க வேண்டும், அதில் சண்டை இல்லை. வளைந்து குனிந்து ஒட்டுமொத்தக் கூட்டத்தோடு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது அரை கிலோவும் கணக்குதான். ஆனால் போட்டிக்கே போகாதவனிடம் அதை விற்பதும், "எல்லாத்துக்கும் இது போதும்" என்று முன்னால் மலிவு ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த ஹைபிரிடைத் தள்ளிவிடுவதும் ஒரே உட்டாலக்கடிதான். அந்த ஃபோர்க் வெயிட், மேட்டில் மிதிக்கிற மிதியில் பாதி அதற்குள்ளேயே ஆடி வீணாகும் போலிருக்கும், முன்பக்கப் பை மாட்டவும் இடமிருக்காது.

அந்த சேலத்துப் பையன் கடைக்குப் போகும்போது ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து 15 செ.மீ. ஸ்கேலை எடுத்துப் போகட்டும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அளக்கட்டும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.